நான்கு வகைத் திராட்சையும் நாத்தனாரும்

என் கணவர் சைகோனிலிருந்து இரண்டாவது தடவை திரும்பி வந்தபோது அவரோடு பதினோரு பெட்டிகள் வந்தன. பத்துப் பெட்டிகளில் எல்லார் வீட்டுக்கும் வருகிற சாமான்கள்தான்: பீங்கான், கண்ணாடி விளக்கு, எனாமல் சட்டி, பட்டு. பதினோராவதைத் திறந்தால் வைக்கோலுக்குள் காலிப் புட்டிகள் படுத்திருந்தன. கூடவே ஒரு சாக்கு நிறைய தக்கைகள். தக்கையைப் புட்டியின் வாய்க்குள் அழுத்தி இறக்க ஒரு மரக்கருவி. காலிப் புட்டிகளைக் கப்பலில் ஏற்றி, இறக்கி, ரயிலில் ஏற்றிக் காரைக்குடி வரை கொண்டுவந்த மனிதரிடம் என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. இதெல்லாம் எதற்கு என்று மட்டும் கேட்டேன். நிரப்புவதற்கு என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். பதினான்கு வயதில் கழுத்தில் திருப்பூட்டினார்கள். சில மாதங்களில் அவர் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் பார்க்க, சைகோனுக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் கழித்து வந்தார், ஆறு மாதம் இருந்தார், மறுபடி கப்பலேறினார். ஏழு வருஷத்தில் நாங்கள் ஒன்றாக இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. அவருக்குக் காப்பியில் சர்க்கரை எவ்வளவு என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியாது. எங்களை வேறு வைத்து, தனிக்குடித்தனம் ஆக்கியிருந்தார்கள். எங்கள் அடுப்பு தனி, எங்கள் சாமான் அறை தனி. மாமனாரும் மாமியாரும் காலமாகிவிட்டார்கள். அவருடைய அண்ணன் குடும்பம் பர்மாவில். நூறு பேர் பந்தியில் உட்காரக்கூடிய வீட்டில் நாங்கள் இருவரும், ஒரு சமையல்காரரும், ஒக்கூரிலிருந்து வந்து வண்டி ஓட்டிய ஒருவரும்தான்.

இரண்டாம் கட்டுக்குப் பின்னால் நான்கு படி கீழே இறங்கினால் ஓர் அறை உண்டு. உப்பும் புளியும் ஊறுகாய் ஜாடிகளும் வைக்கிற இடம். பங்குனி வெயிலிலும் அதன் தரை சில்லென்று இருக்கும். அவர் வந்த மறுநாளே அந்த அறைக்குள் இறங்கி, சுவரைத் தொட்டுப் பார்த்து, தரையைத் தொட்டுப் பார்த்து, சிரித்த முகத்தோடு மேலே வந்தார். சைகோனில் அவர்கள் கடைக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக்கார டாக்டர் இருந்தாராம். அவர் வீட்டுக்கு அடியிலும் இப்படி ஓர் அறை. அதில் ஒயின் புட்டிகளைக் குழந்தைகளைப் போல வரிசையாகப் படுக்க வைத்திருப்பாராம். என் கணவருக்கு வயிற்றுக் கோளாறு வந்தபோது, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கிளாஸ் சிவப்பு ஒயின் குடிக்கச் சொல்லி அந்த டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கடிதம் பிரெஞ்சில் இருந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி மாட்டினார். யார் கேட்டாலும் மருந்து என்று சொல்லிவிடு என்றார்.

காரைக்குடிக்கு ரயில் வந்து அப்போது ஓரிரு வருஷம்தான். திண்டுக்கல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பன்னீர் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கியது. வண்டிக்காரர் ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்து சேர்த்தபோது கூடைகளின் அடியிலிருந்து சாறு வடிந்து, தெருமுனை வரை ஈ பின்னால் வந்தது.

"பழம் வழியெல்லாம் அழுதுக்கிட்டே வந்துச்சு ஆச்சி" என்றார் வண்டிக்காரர். அவர் உதட்டோரமும் கறுத்திருந்தது.

பழத்தைப் பிழிவதற்கு நான் ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்திருந்தேன். அவர் வேண்டாம் என்றார். விதை நசுங்கினால் கசக்குமாம். காலால்தான் மிதிக்க வேண்டுமாம்.

"கால வச்சு மிதிச்சதையா வாயில வைக்கப் போறீக?" என்றேன்.

அந்த ஊரில் ராஜாக்களும் அதைத்தான் குடிக்கிறார்கள் என்றார். பர்மாத் தேக்கில் செய்த பெரிய தொட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் பழத்தைக் கொட்டி, காலைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இரண்டு அடி வைத்தார், வழுக்கினார், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைக் கையைக் கொடு என்றார். கொடுத்தேன். கையைப் பிடித்தவர் விடாமல் என்னையும் உள்ளே இழுத்துவிட்டார்.

பகல் பதினொரு மணி. சமையல்காரர் சந்தைக்குப் போயிருந்தார். கணுக்கால் வரை குளிர்ந்த பழம்; சாறு முழங்கால் வரை தெறித்தது. மிதிக்க மிதிக்கத் தோல் உடைந்து விரலிடுக்கில் பிதுங்கியது. கூச்சம் தாங்கவில்லை. ஏழு வருஷமாக அவர் முன்னால் நான் பல் தெரியச் சிரித்ததில்லை. அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கூடை காலியாகும் வரை சுற்றிச் சுற்றி மிதித்தோம்.

அந்தச் சாயம் காலிலிருந்து போகவே இல்லை. புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மூன்றாம் நாள் பள்ளத்தூரிலிருந்து அவருடைய அக்கா, என் நாத்தனார், தம்பியைப் பார்க்க வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவர் கணவரும் பர்மாவில்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் எது எங்கே கோணலாக இருக்கிறதென்று அவர் கண் தேடும். என் காலைப் பார்த்தார்.

"என்ன காலுல?"

"மருதாணி ஆச்சி" என்றேன்.

"முழங்காலு வரைக்குமா?"

நான் புடவையை இழுத்துக் காலை மூடினேன். அவர் அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டதால் தப்பித்தேன்.

வைகாசியில் முதல் ஜாடியைத் திறந்தோம். கல்யாண வீட்டில் வாசலில் நின்று தெளிப்பார்களே, அந்தப் பன்னீர் வாசம் அறை முழுக்க அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். கண்ணைத் திறந்தார். என்னிடம் நீட்டினார். நான் அதுவரை வாயில் வைப்பதில்லை என்றிருந்தேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து, ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். வாசம் மட்டும்தான் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பல் விளக்கிக் கொப்பளித்த தண்ணீர் மாதிரி இருந்தது.

இரண்டு நாள் அவர் அந்த அறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் காலை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார். அந்த டாக்டர் ஒருமுறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். ஒரே பழத்தில் ஒயின் நிற்காது. நிறத்துக்கு ஒரு பழம், வலுவுக்கு ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று கலக்க வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத் தெரிந்துகொள்ள சைகோனுக்கா போக வேண்டும், புளியை மட்டும் கரைத்துக் கொதிக்க வைத்தால் அது குழம்பாகுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அப்படியானால் நீயே சொல், என்னென்ன வேண்டும் என்றார்.

அன்றிலிருந்து அந்த வேலையில் நானும் கூட்டாளி ஆனேன்.

ஆவணிக்குள் நான்கு வகைத் திராட்சை வந்து சேர்ந்தது. பன்னீர் வாசனைக்கு. பெங்களூரிலிருந்து கறுப்பு, நிறத்துக்கு. மை மாதிரி சாறு; தோல் தடிப்பு; வாசமும் கொஞ்சம் முரடு. மதுரையிலிருந்து பச்சைத் திராட்சை, புளிப்புக்கு. நான்காவது கிஸ்மிஸ். காய்ந்த பழத்தை வெந்நீரில் ஊறப்போட்டு, அது ஊதிப் பெருத்ததும் பிசைந்து வைத்தோம். வலுவும் இனிப்பும் அதில்தான். நான்கையும் தனித்தனியாக நான்கு ஜாடிகளில் வைத்து வாயைத் துணியால் கட்டினோம். ஒவ்வொரு ஜாடியும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போட்டது. பன்னீர் முணுமுணுக்கும். கறுப்பு கொளகொளவென்று கொதிக்கும். பச்சைக்குச் சத்தமே கிடையாது. கிஸ்மிஸ் ஜாடி மட்டும் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.

ஐப்பசியில் கொதிப்பு அடங்கிற்று, கிஸ்மிஸைத் தவிர. தினமும் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் இருவரும் அந்த நான்கு படி இறங்குவோம். கையில் ஒரு நோட்டு, அளப்பதற்கு ஒரு பால் சங்கு, இரண்டு கண்ணாடிக் கிளாஸ். பன்னீர் மூன்று சங்கு, கறுப்பு இரண்டு, பச்சை அரை, கிஸ்மிஸ் ஒன்று என்று அளந்து ஊற்றிக் கலக்குவோம். ஆளுக்கு ஒரு வாய். அவர் நோட்டில் எழுதுவார். முதல் கலவைக்கு 'இருமல் மருந்து' என்று எழுதினார். இன்னொன்றுக்கு 'துரு'. இன்னொன்றுக்கு நான் சொன்னபடி 'ஊசின ரசம்'.

ஒரு நாள் ஏழோ எட்டோ கலவை ஆனபோது என் காது மடல் சூடாகிவிட்டது. படி நான்கா ஐந்தா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் சைகோனில் கடைக்கு வந்த ஒரு சீனக் கிழவர் கால்சட்டை அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் பேரம் பேசின கதையைச் சொன்னார். நான் அவரிடம், முதல் தடவை அவர் கப்பலேறிப் போனபோது அவர் முகமே எனக்கு மறந்துபோனதென்றும், மாமியாரிடம் கேட்க வெட்கப்பட்டு, அவர் அண்ணன் படத்தைப் பார்த்து இவரும் இப்படித்தான் இருப்பாரென்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னேன். வெறும் நாளில் என் வாயிலிருந்து வரவே வராத பேச்சு. அவர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, தனக்கும் அதேதான், ஆனால் தான் கேட்பதற்கு ஒரு மாமியார்கூட அங்கே இல்லை என்றார். இரண்டு பேரும் ஜாடியைக் கட்டிக்கொண்டு சிரித்தோம்.

அதற்கடுத்த கலவைதான் சரியாக அமைந்தது. நாக்கில் பட்டதும் முதலில் புளிப்பு, பிறகு ஒரு சூடு, விழுங்கின பிற்பாடு பன்னீர் வாசம். இதுதான், இதுதான் என்று அவர் நோட்டை எடுத்து வேகமாக எழுதினார்.

மறுநாள் காலை நோட்டைத் திறந்து பார்த்தோம். எழுத்து பக்கத்தின் நடுவில் ஆரம்பித்து, எறும்பு ஊர்ந்த மாதிரி சரிந்து, ஓரத்தில் போய் மறைந்திருந்தது. 'பன்' என்பது மட்டும் தெரிந்தது. மிச்சத்தை நான் ஒரு விதமாகவும் அவர் ஒரு விதமாகவும் படித்தோம். நினைவில் இருந்த அளவுகளை வைத்து அதே கலவையைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தோம். கார்த்திகை முழுக்கப் பார்த்தோம். கிடைக்கவில்லை. ஆனால் தேடுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு நாத்தனார் வந்தார். இந்த முறை பெட்டி படுக்கையோடு. நோன்பன்று மாவில் செருகிய நூல் திரியை ஏற்றி விழுங்கி, இழை எடுத்துக்கொண்டு எல்லாம் முறையாக நடந்தது. அடுத்த நாள் அவர் உப்பு எடுக்கக் கீழே இறங்கினவர், இறங்கின வேகத்தில் மேலே வந்தார். ஜாடிக்குப் பின்னால் பாம்பு சீறுகிறதென்றார். வண்டிக்காரர் கம்போடு ஓடிவந்தார். படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கம்பைச் சுவரில் சாத்தினார்.

"பாம்பு இல்லைங்க ஆச்சி. அது மருந்து மூச்சு விடுது" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும் என்பதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நாத்தனார் மறுபடி இறங்கினார். ஒவ்வொரு ஜாடியாகத் துணியை அவிழ்த்து மோந்து பார்த்தார். கறுப்பு ஜாடிக்குள் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

என் கணவர் ஓடிப்போய் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார். டாக்டர் எழுதிக் கொடுத்ததென்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியம்தானே ஒனக்கு?"

"எனக்கும் தெரியாது ஆச்சி" என்றார் அவர்.

நாத்தனார் சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையால் வாயைத் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருந்தார். முழங்கால் வலிக்கு இது ஆகுமா என்று கேட்டார். எல்லா வலிக்கும் ஆகும் என்றார் தம்பி. முதல் நாள் அரைச் சங்கு. இரண்டாம் நாள் ஒரு சங்கு. நான்காம் நாள் மத்தியானம் எங்களுக்கு முன்பே அவர் படியிறங்கிப் போயிருந்தார். பச்சை ஜாடி ஒன்றுதான் நேர்மையாக இருக்கிறது, மற்றதெல்லாம் சீவி முடிந்து பூ வைத்துக்கொண்டு நிற்கிறது என்று எங்களிடம் சொன்னார். என் கணவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

தை பிறந்ததும் ஒரு கடிதம் வந்தது. புதுச்சேரிக்காரர் ஒருவர், சைகோன் சுங்கத்தில் இருபது வருஷம் வேலை பார்த்து ஊர் திரும்பியவர். அங்கே என் கணவருக்குச் சிநேகிதம். அந்தத் துறைமுகத்தில் இறங்கின ஒயினில் பாதியை ருசி பார்த்தவர் என்று இவர் சொல்வார். வீட்டில் ஒயின் போடுகிறேன் என்று இவர் பெருமையடித்து எழுதியிருந்ததை நம்பி, பார்க்க வருகிறேன் என்று பதில் எழுதியிருந்தார். தைப்பூசத்துக்கு மறுநாள் வருகிறார். அதற்குள் சரியான கலவையைப் பிடித்துவிட வேண்டுமென்று என் கணவர் தவித்தார். தைப்பூசத்தன்று குன்றக்குடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, மத்தியானம் கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுவது என்று திட்டம். நாங்கள் இருவரும் வண்டியில் போனோம். முழங்காலைச் சொல்லி நாத்தனார் வீட்டில் தங்கிவிட்டார்.

திரும்பி வந்தபோது இரண்டாம் கட்டு முற்றத்தில் மூன்று ஜாடிகள் கழுவிக் கவிழ்த்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்து நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

என் கணவர் அந்த ஜாடிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இருந்தது எங்கே என்று மெதுவாகக் கேட்டார்.

"நாலு ஜாடியும் அரையும் குறையுமா கெடந்துச்சு. அப்படிக் கெடந்தா வீட்டுக்கு ஆகாது. எல்லாம் ஒரே பழம்தானேன்னு மூணையும் நாலாவது பெரிய ஜாடியில ஊத்தி வச்சிருக்கேன்" என்றார் அவர், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

என் கணவர் அப்படியே முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். ஆறு மாதத்து வேலை, பெங்களூர், மதுரை, திண்டுக்கல், ஒரு நோட்டு முழுக்க எழுத்து, எல்லாம் ஒரே ஜாடிக்குள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. முந்தானையை வாயில் அடைத்தேன், அடங்கவில்லை. கொல்லைப் பக்கம் ஓடினேன், அங்கேயும் விடவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அவரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பயந்து கையை விலக்கினேன். அழவில்லை. நார்த்தங்காய்க்கு உப்பு கொண்டுவா என்றார் நாத்தனார்.

பயத்தில் அன்றைக்கு யாரும் அந்த ஜாடியைத் தொடவில்லை. மறுநாள் காலை ரயிலில் விருந்தாளி வந்தார். கோட்டு, தொப்பி, வெள்ளை மீசை. சாப்பாடு முடிந்தது. இனி தள்ளிப்போட முடியாது. என் கணவர் ஒரு கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். நானும் நாத்தனாரும் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

விருந்தாளி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு எடுத்தார். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல், பல்லுக்கிடையில் காற்றை இழுத்தார். எனக்குத் தெரிந்து ஒருவர் தாம்பூலத்தைக்கூட அவ்வளவு நேரம் வாயில் வைத்திருந்ததில்லை. என் கணவர் தம் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரான்சுல இப்படி ஒண்ணு கிடையாது" என்றார் கடைசியில். "நல்லதுக்குச் சொல்றேனா, கெட்டதுக்குச் சொல்றேனான்னு எனக்கே தெரியல. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இரண்டாவது கிளாஸையும் முடித்துவிட்டு, நல்லதுக்குத்தான் என்றார். என்னென்ன பழம், எது எத்தனை பங்கு என்று கேட்டார். என் கணவர் பழங்களைச் சொன்னார். பங்கு கேட்டபோது நோட்டைத் தேடுகிறவர் போல மடியைத் தடவினார். சிநேகிதரிடம் பொய் சொல்லத் தெரியாத மனிதர். கதவுப் பக்கம் திரும்பினார். நாத்தனார் வேறு வழியில்லாமல் நிலையோரம் வந்து நின்று, ஜாடி வேண்டியிருந்தது, ஊற்றினேன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

விருந்தாளி சிரித்த சிரிப்பில் மீசையெல்லாம் சிவப்பாகிவிட்டது.

"பெரிய பெரிய தோட்டத்துல இந்தக் கலவைக்குன்னே சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்காங்க ஆச்சி. வருஷம் முழுக்க அவங்களுக்கு அது ஒண்ணுதான் வேலை."

"அவுகளுக்கு நார்த்தங்காய் போடுற வேலை இல்ல போல" என்றார் நாத்தனார்.

அன்று மாலை வரை அந்த வீட்டில் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. விருந்தாளி பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடினார். சட்டத்தில் இருந்த கடிதத்தைப் படித்து அர்த்தமும் சொன்னார்: நோயாளி மிளகாயைக் குறைக்க வேண்டும், ஒயின் விருப்பப்பட்டால் மட்டும். மிளகாயைப் பற்றி என் கணவர் எங்களிடம் மூச்சுவிட்டதே இல்லை. நாத்தனார் கதவுக்கு இந்தப் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். தம் கணவர் பர்மாவிலிருந்து வந்ததும் பள்ளத்தூரிலும் இப்படி ஒரு ஜாடி வைக்கச் சொல்லப் போகிறேன் என்றார். பிறகு, அவர் முகம் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்ததாகவும் மூக்கு மட்டும்தான் நினைவுக்கு வருகிறதென்றும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு எனக்கு அவரிடம் பயம் போய்விட்டது.

அந்தப் பெரிய ஜாடியிலிருந்து நாற்பது புட்டிகள் நிரம்பின. விருந்தாளி ஆறு கொண்டுபோனார். புதுச்சேரியிலிருந்து எழுதினார்: வழியில் வெயில் பட்டு ஒரு புட்டியின் தக்கை தெறித்து ரயில் கூரையில் அடித்ததாம். துப்பாக்கி என்று நினைத்து ஒரு பட்டாமணியக்காரர் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாராம். அவரைச் சமாதானப்படுத்த இன்னொன்றையும், வேடிக்கை பார்த்தவர்களுக்காக மேலும் இரண்டையும் திறக்க வேண்டியதாயிற்று. ஊர் போய்ச் சேரும்போது இரண்டுதான் மிச்சம்.

மறு வருஷமும் நான்கு பழமும் வந்தது, நான்கு ஜாடியும் கொதித்தது. போன தடவை ஊற்றின மாதிரியே ஊற்றுங்கள் என்று நாத்தனாரை வரவழைத்துக் கேட்டோம். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் கை வராதென்று அவர் எங்களை மேலே அனுப்பிவிட்டார். அந்தக் கலவை முதல் வருஷத்தது போல இல்லை. கொஞ்சம் முறுக்காக, இன்னும் கொஞ்சம் புளிப்பாக இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அவர் இல்லையென்றார். அதைப் பற்றி வாரக்கணக்கில் சண்டை போட்டோம். நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான். அதற்கு முன் சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம் இல்லை.

அந்தச் சண்டைக்கு முன்பே, பழம் வந்த ஆவணியில், அவர் கப்பலேறியிருக்க வேண்டும். பழம் வந்திறங்கின வாரம் சைகோனிலிருந்து கடிதம் வந்தது, எப்போது வருகிறாய் என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நான் அப்போது பழத்துக்குள் நின்றிருந்தேன்.

"ஜாடி கொதிக்கையில விட்டுட்டா போவீக?" என்று கேட்டேன்.

அவர் கடிதத்தை மடித்து மடியில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார், காலைக் கழுவினார், இறங்கினார். சைகோனுக்கு அவருக்குப் பதிலாகப் பங்காளி வீட்டுப் பிள்ளை ஒருவர் போனார். இவர் காரைக்குடியிலேயே கண்ணாடிச் சாமான் கடை ஒன்று வைத்தார்.

அதற்கடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நான் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததால் மிதிக்கவும் இறங்கவில்லை, ஒரு சொட்டு குடிக்கவும் இல்லை. பள்ளத்தூரிலிருந்து வந்து எனக்குப் பத்தியம் பார்த்த நாத்தனார், என் பங்கு வீணாகக் கூடாதென்று அதையும் சேர்த்துக் குடித்தார்.